தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள்



சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, படித்து முடித்த பின்னரும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் இரண்டரை ஆண்டுகளுக்கு முன் சவூதிக்குப் பயணமானார். விசாவுக்கும் பயணத்துக்கும் ஆன செலவுக்காக, அதே மஹல்லாவைச் சேர்ந்த வணிகர் ஒருவரிடம் 2,00,000 ரூபாய் கடன் பெற்றார். ஈடாக, கையெழுத்து மட்டும் இட்ட ஒரு வெற்றுக் காசோலையைக் கொடுத்துவிட்டுச் சென்றார். போய்ச் சேர்ந்த முதல் பதினைந்து மாதங்களில், ஆறு தவணைகளில் 1,20,000 ரூபாயை வங்கி வழியாகவே திருப்பிச் செலுத்தினார். அதன் பிறகு அங்கே அவருடைய கம்பெனியில் சம்பளம் நின்றுபோயிற்று. ஓராண்டுக் காலம் ஒரு ரூபாயும் அனுப்ப இயலவில்லை. வணிகர் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம், சொல்ல வழியின்றி எடுக்காமலேயே விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் தபால்காரர், வழக்கறிஞரின் பெயர் அச்சிட்ட உறை ஒன்றைக் கொண்டுவந்தார். “கையெழுத்துப் போடாதே புள்ளே, வாங்கினால்தானே வழக்கு” என்று மாமியார் தடுத்திருக்கிறார். உறையின் மேல் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் தபால்காரர் எடுத்துச் சென்றுவிட்டார். தூர தேசத்தில் இருக்கும் மனிதர் கலங்கிவிடுவாரே என்று கணவருக்கும் இவர் சொல்லவில்லை. சில மாதங்களில் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்துவிட்டது. அதில் கண்ட தொகை 80,000 அன்று, முழுதாக 2,00,000.

“நோட்டீஸை நாங்கள் வாங்கவே இல்லையே, பின்பு எப்படி வழக்குச் செல்லும்? கொடுத்த 1,20,000 ரூபாய் என்ன ஆவது?” என்பவை சகோதரியின் இரு வினாக்கள். இவை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. வக்கீல் நோட்டீஸ் என்றாலே, அதை வீட்டு வாசலில் நேர்ந்த மானக்கேடு என்று கருதி மறைப்பதும், தொட்டாலே குற்றம் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி மறுப்பதும் நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. ஆகவே இம்மாதம் அந்த உறையைப் பிரித்துப் பார்ப்போம்.

உறைக்குள் இருப்பது என்ன?

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்றத்தின் ஆணை அன்று, தீர்ப்பும் அன்று. கடன் கொடுத்தவர் தம் வழக்கறிஞர் வழியாக எழுதும் கடிதமே அது. இன்ன நாளில் இவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது, இவ்வளவு பாக்கி நிற்கிறது, இத்தனை நாள்களுக்குள் செலுத்தாவிடில் வழக்குத் தொடுக்க நேரும் என்பதே அதன் உள்ளடக்கம். அதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுவது, கடனை ஒப்புக்கொண்டதாகாது. உறை கைக்கு வந்தது என்பதற்கு மட்டுமே அக்கையெழுத்துச் சான்று.

கைமாற்றாகவோ புரோ நோட்டின் பேரிலோ ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுக்க, முன்னதாக நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. ஆயினும் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் அனுப்பவே செய்கிறார்கள். வழக்குக்கு முன் பேச ஒரு வாய்ப்பு அளித்தோம் என்பதைக் காட்டுவதற்கான வழக்கம் அது. அதாவது, நோட்டீஸ் என்பது கதவு அடைபடும் ஓசை அன்று. அடைபடுவதற்கு முன் ஒருமுறை தட்டும் ஓசை.

இன்னொன்றையும் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும். வெறும் பணக் கடனுக்காகக் காவலர் வந்து கைது செய்வதில்லை. பணம் செலுத்துமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், அத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்து உரிமையியல் சிறையில் வைக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இடந்தருவதில்லை. கைப்பேசிச் செயலிகளில் கடன் வாங்கியோருக்கு, முத்திரைச் சின்னங்கள் பொறித்து, ‘இன்று மாலைக்குள் கைது’ என்று வரும் மிரட்டல்களைக் கண்டு நகையை விற்கத் துணியாதீர்கள். உண்மையான நோட்டீஸில் வழக்கறிஞரின் பெயரும் முகவரியும் கையெழுத்தும் இருக்கும்; யார் சார்பில், எந்தக் கடனுக்காக என்ற விவரமும் இருக்கும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னரும் மாலை 7 மணிக்குப் பின்னரும் கடனாளியை அழைத்து வற்புறுத்தலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அறிவுறுத்தியுள்ளது.

காசோலையானால் நாள்களை எண்ணுங்கள்

கடனுக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் நிலைமை வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி அது குற்றமாகும். 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள பிரிவு இது. இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இங்கே நோட்டீஸ் வெறும் வழக்கம் அன்று. அஃது இல்லாமல் வழக்கே இல்லை.

அதன் கணக்கு இது. காசோலை திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள், பணம் கேட்டு எழுத்து வடிவில் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். அது கிடைத்த 15 நாள்களுக்குள் காசோலைத் தொகையைச் செலுத்திவிட்டால் குற்றமே எழுவதில்லை. செலுத்தாவிடில், அந்த 15 நாள்கள் கழிந்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: வங்கியின் குறிப்பு மார்ச் 5-ஆம் நாள் வந்தால், ஏப்ரல் 4-க்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும். அது ஏப்ரல் 7-இல் உங்கள் கைக்கு வந்தால், ஏப்ரல் 22 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்தப் பதினைந்து நாள்கள் சட்டம் கடனாளிக்கு அளித்துள்ள பாதுகாப்பாகும். உறையைத் திருப்பி அனுப்புபவர், அந்தப் பதினைந்து நாள்களையும் சேர்த்தே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இதனால்தான் உறையைக் கூடக் கிழித்தெறியக் கூடாது என்கிறோம். அதன் மேலுள்ள தபால் முத்திரையே நாள் கணக்குக்குச் சான்று. நோட்டீஸில் கண்ட தொகை காசோலைத் தொகைதானா என்பதையும் பாருங்கள். காசோலை ஒரு தொகைக்கும் நோட்டீஸ் கேட்கும் காசோலைத் தொகை வேறொன்றாகவும் இருப்பின் அந்த நோட்டீஸ் செல்லாது என்று 2025-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடுமா?

நிற்காது. சரியான முகவரிக்கு முறையாகப் பதிவு செய்து அனுப்பப்பட்ட தபால், உரியவருக்குச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் சொல்லும் விதி. ‘வாங்க மறுத்தார்’, ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறிப்புகளுடன் நோட்டீஸ் திரும்பினாலும், மாறான சான்று இல்லாதவரை அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே கருதலாம் என்று 2007-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே தீர்ப்பில் ஒரு கனிவும் உண்டு. நோட்டீஸ் தமக்குக் கிடைக்கவில்லை என்பவர், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாள்களுக்குள் காசோலைத் தொகையைச் செலுத்தி, வழக்கைத் தள்ளுமாறு வேண்டலாம். அப்போதும் செலுத்தாதவர், நோட்டீஸ் வரவில்லை என்று பின்னர் வாதாட முடியாது.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பதிவுத் தபால், விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது. ஆகவே ‘பதிவுத் தபால் ஒன்றும் வரவில்லையே’ என்று விரைவுத் தபால் உறைகளை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம்.

பதில் என்பது கடன் வாங்கியவரின் சொல்

அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அவ்வசனத்தில் நம் கவனத்திற்குத் தப்பிவிடும் நுட்பம் ஒன்று உண்டு. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும். ஆனால் இன்னது எழுது என்று வாசகம் சொல்ல வேண்டியவர் யார்? கொடுத்தவர் அல்லர், கடன் வாங்கியவர். அவரே இறைவனுக்கு அஞ்சி, எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும். அவரால் இயலாவிடில் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும். பணபலம் ஒரு பக்கம் இருப்பதால், சொல்லின் பலத்தை மறுபக்கத்திற்குக் கொடுத்த நீதி அது.

நோட்டீஸுக்கு நாம் எழுதும் பதிலும் அத்தகையதே. நோட்டீஸில் இருப்பது கொடுத்தவரின் சொல் மட்டுமே. பதில் இல்லையெனில், நீதிமன்றத்தின் முன் ஒரு சொல் மட்டுமே நிற்கும். நோட்டீஸுக்குப் பதில் தராமல் இருந்ததையே, முறையீட்டாளரின் கூற்றில் உண்மை இருப்பதைக் காட்டும் அறிகுறியாக 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு காசோலை வழக்கில் எடுத்துக்கொண்டது. மௌனம் கண்ணியம் என்று நாம் நினைத்திருக்க, சட்டம் அதைச் சம்மதம் என்று எண்ணக்கூடும்.

பதிலில் என்ன எழுத வேண்டும்? வாங்கிய தொகை எவ்வளவு, எந்த நாளில், திருப்பிக் கொடுத்தது எவ்வளவு, எந்தெந்த நாளில், எவ்வழியில், மீதி எவ்வளவு, அதை எப்படிச் செலுத்த எண்ணியுள்ளீர்கள். காசோலை ஈடாகக் கொடுக்கப்பட்டதாயின் அதையும், நிரப்பாமல் கொடுக்கப்பட்டதாயின் அதையும் சொல்ல வேண்டும். கடனே வாங்கவில்லையெனில் அதைத் தெளிவாக மறுக்க வேண்டும். இல்லாததைச் சேர்க்கவோ உள்ளதை மறைக்கவோ வேண்டாம். நீதிமன்றத்தில் பின்னர் உங்கள் கையெழுத்தே உங்களை மறுக்கும். வழக்கறிஞர் வழியாகத்தான் பதில் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை. எனினும் காசோலை, வீட்டு அடமானம் பற்றியவற்றில் வழக்கறிஞரைக் கேட்காமல் எழுதுவது நன்றன்று. பதிலின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

சகோதரியின் கணக்கில் இதன் அருமை விளங்கும். காசோலை கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதி திருப்பிச் செலுத்தப்பட்டால், அதைக் காசோலையின் மேலேயே குறித்து, மீதித் தொகைக்கு மட்டும் அதை வங்கியில் இட வேண்டும். அப்படிக் குறிக்காமல் முழுத் தொகைக்கும் இட்டுத் திரும்பினால், அக்காசோலை உண்மையான கடனைக் காட்டுவதாகாது. 138-ஆவது பிரிவின் குற்றமும் எழாது என்று 2022-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சகோதரியின் வீட்டில் ஆறு தவணைகளுக்கும் வங்கிச் சான்று இருக்கிறது. உறையைப் பிரித்து, அந்த ஆறு நாள்களையும் வரிசையாக எழுதி ஒரு பதில் அனுப்பியிருந்தால், வணிகரின் வழக்கறிஞரே, “ஐயா, இதைச் சொல்லாமல் விட்டீர்களே” என்று தம் கட்சிக்காரரிடம் கேட்டிருப்பார். ஒரு தாளில் முடிந்திருக்கக்கூடிய செய்தி, வாய்தா வாய்தாவாக நீளும் நிலைக்கு வந்துவிட்டது.

மூன்று ஆண்டுகளும் மறுமையும்

பணக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகள் தருகிறது. கேட்டபோது தருவதாக எழுதிய புரோ நோட்டாயின், அதன் தேதியிலிருந்தே ஆண்டுகள் எண்ணப்படும். கெடு முடிவதற்குள் கடனாளி தம் கையெழுத்துடன் கடனை ஒப்புக்கொண்டு எழுதினாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதைத் தம் கைப்பட எழுதினாலோ, கையெழுத்திட்டாலோ, மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். புரோ நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதிக் கையொப்பம் வாங்குவது இதற்காகத்தான். நோட்டீஸுக்கு எழுதும் பதிலும் இத்தகைய ஒப்புதலாகலாம் என்பதை அறிந்தே எழுத வேண்டும்.

“மூன்று ஆண்டு கடந்துவிட்டது, இனி என்ன செய்ய முடியும்?” என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவோர் நம்மிடையிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். காலவரம்பு கடந்தால் நீதிமன்றத்தின் கதவுதான் மூடப்படுகிறது; கடன் அழிந்துவிடுவதில்லை. நாட்டின் சட்டமே அப்படித்தான் கருதுகிறது. கெடு கடந்த கடனையும் தருவதாக ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி அவ்வாக்குறுதி செல்லும். கடனோடு மறைந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்திய வரலாறு நாம் அறிந்ததே. அங்கே மூன்று ஆண்டுக் கெடு ஏதும் பேசப்படவில்லை.

கணவர் மறைந்த வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால்

இத்தாவில் இருக்கும் சகோதரியின் பெயருக்கு, மறைந்த கணவரின் கடனைக் கேட்டு நோட்டீஸ் வருவதுண்டு. அப்போது அஞ்ச வேண்டியதும் இல்லை. அலட்சியம் செய்யவும் கூடாது. வாரிசுகள், மறைந்தவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து தமக்குக் கிடைத்த பங்கின் அளவுக்கே அக்கடனுக்குப் பொறுப்பாவார்கள். அவர் ஒன்றும் விட்டுச் செல்லவில்லையெனில், மனைவி தம் சொந்த நகையையும், பிறந்த வீட்டுச் சொத்தையும் விற்றுக் கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் அல்லர். கொடுக்கப்படாத மஹரும் கணவர் மீதுள்ள கடனே. மற்றக் கடன்காரர்களைப் போல் மனைவியும் அவ்வகையில் ஒரு கடன்காரர் ஆவார். கணவர் கையெழுத்திட்ட காசோலைக்காக மனைவியின் மீதோ மக்களின் மீதோ 138-ஆவது பிரிவின் குற்றவழக்கு வராது. இவற்றைப் பதிலாக எழுதி அனுப்புவதே முறை.

அதே வேளையில், சொத்து இருக்கும் வீட்டில் பாகப்பிரிவினைக்கு முன்பே கடனைத் தீர்ப்பது மார்க்கக் கடமை என்பதைப் பெரியவர்கள் நினைவூட்ட வேண்டும். கடனும் மரணசாசனமும் தீர்ந்த பின்னரே பங்கு.

வீடும் நகையும்

வீட்டை அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடனில் தவணைகள் தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் 13-ஆவது பிரிவின்கீழ் 60 நாள் நோட்டீஸ் வரும். நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வீட்டைக் கையகப்படுத்த வங்கிக்கு அதிகாரம் தரும் சட்டம் இது. ஆகவே இந்த நோட்டீஸ் மற்றெல்லாவற்றினும் அவசரமானது. 60 நாள்களுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தால், வங்கி 15 நாள்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். வங்கி கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கிய பிறகு, 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். விவசாய நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது.

நகை ஈட்டுக் கடனில், ஏலம் விடுமுன் நியாயமான முன்னறிவிப்புத் தரப்பட வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்தால், மிகுதி உங்களுடையது, கேட்டுப் பெறுங்கள். முகவரி மாறினால் அடகு வைத்த இடத்தில் உடனே தெரிவியுங்கள். பழைய முகவரிக்குப் போன அறிவிப்பினால் மகளுக்கென வைத்த நகையை இழந்தவர்கள் உண்டு.

அக்கரையில் விட்டுவந்த கடன்

துபாயிலும் அபூதாபியிலும் வங்கிக் கடன் வாங்கி, வேலை போனதும் ஊர் திரும்பியவர்கள், கடல் தாண்டியதும் கடனும் தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இந்திய அரசு, ஐக்கிய அரபு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. அங்குள்ள உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பை, நம் மாவட்ட நீதிமன்றத்தில் இங்கேயே அளிக்கப்பட்ட தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கோரலாம். சிங்கப்பூர், மலேசியத் தீர்ப்புகளும் அத்தகையவை. அவ்வங்கிகளின் சார்பில் இங்குள்ள வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினால், அதை மோசடி என்று ஒதுக்கிவிடாமல், அனுப்பியவருக்கு வங்கி தந்த அதிகாரத்தைக் காட்டுமாறு கேட்டு, பிறகு தவணை பேசுங்கள்.

கொடுத்த சகோதரருக்கும் ஒரு வார்த்தை

இதுவரை கடன் பெற்றவரிடமே பேசினோம். கொடுத்தவரின் வேதனையும் சிறியதன்று. பிறர் துயரம் துடைக்க எண்ணிக் கொடுத்த பணத்தைக் கேட்கப் போய், தாமே பகைவராகி நிற்கும் நிலை அவருடையது. ஓராண்டாகத் தொலைபேசியை எடுக்காத வீட்டுக்கு அவர் வேறு எப்படிச் செய்தி சொல்வார்? வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். உரிமையை முறையாகக் கேட்பதில் குறையில்லை.

ஆனால் கேட்கும் முறையில் மூன்று செய்திகளை அவர் கருத வேண்டும். முதலாவது, வந்த வரவை மறைக்காதீர்கள். 1,20,000 வாங்கிக்கொண்டு 2,00,000 கேட்பது நோட்டீஸை மட்டும் அன்று, நாணயத்தையும் பழுதாக்கும். இரண்டாவது, வட்டி. கைமாற்றாக அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவர், நோட்டீஸில் அசல் மட்டும் போதும் என்பதை வழக்கறிஞரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பத்திரத்தில் வட்டி விகிதம் குறிப்பிடப்படாவிடில் ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு சொல்வதால், வழக்கறிஞர் தம் வழக்கப்படி அதை எழுதிவிடக்கூடும். மூன்றாவது, நோட்டீஸ் இரண்டு பேருக்கு இடையிலானது. அதைக் கைப்பேசிக் குழுக்களில் பரப்புவதும், பள்ளிவாசல் வாசலில் நின்று பெயர் சொல்லிப் பேசுவதும் கடனை வசூலிக்காது. குமர்ப் பிள்ளைகள் இருக்கும் வீட்டின் மானத்தையே வசூலிக்கும். கடன்பட்டவர் உண்மையிலேயே நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் இறைவசனம், கடனை எழுதச் சொல்லும் வசனத்துக்கு இரண்டு வசனங்கள் முன்னதாகவே இருக்கிறது.

சகோதரிக்கு நம் பதில்

அன்புச் சகோதரி, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு உங்கள் மீது அன்று. காசோலையில் கையெழுத்திட்ட உங்கள் கணவர் மீது. ஆகவே இதை அவரிடம் மறைக்க இனியும் இடமில்லை. சம்மனைப் படமெடுத்து இன்றே அவருக்கு அனுப்புங்கள். அவர் அங்கிருந்து வழக்கறிஞருக்கு வக்காலத்துக் கையெழுத்திட்டு அனுப்பலாம். ஊரில் தம் சார்பில் பேசவும் பணம் கட்டவும் ஒருவருக்கு அதிகாரம் அளிப்பதாயின், இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்.

அடுத்து, ஆறு தவணைகளுக்குமான வங்கிக் கணக்கு விவரத்தை, வங்கியின் முத்திரையுடன் வாங்கி வையுங்கள். உங்கள் வட்டத்து நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்கள் வருமான வரம்பின்றி அங்கே இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள். கூச்சமின்றிச் சென்று, எல்லாத் தாள்களையும் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

பிறகு, மஹல்லாவின் பெரியவர்கள் இருவரை உடன் அழைத்துக்கொண்டு அந்த வணிகரைப் பாருங்கள். ஓராண்டு மௌனத்துக்கு முதலில் வருத்தம் தெரிவியுங்கள். மீதி 80,000 ரூபாய்க்கு உங்களால் நிறைவேற்றக்கூடிய தவணையைச் சொல்லுங்கள். நிறைவேற்ற முடியாததைச் சொல்ல வேண்டாம். காசோலை வழக்கு எந்த நிலையிலும் சமரசமாக முடித்துக்கொள்ளத்தக்கது. மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அம்முடிவே நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகராகும். மேல்முறையீட்டு அலைச்சலும் இராது. ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘ஜமாஅத்தில் பேச்சு நடக்கிறதே’ என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், பிடியாணை பிறக்கக்கூடும். பேசி முடித்ததை எழுத்தில் கொண்டுவந்து, நீதிமன்றத்தில் பதிவு செய்து, காசோலையைத் திரும்பப் பெறும்வரை வழக்கு முடிந்ததாகாது.

மாமியாரை நொந்துகொள்ள வேண்டாம். அவர் அறிந்த காலத்தில் நீதிமன்றத் தாள் என்றாலே வீட்டைப் பூட்டிக்கொள்வதுதான் வழக்கம். அன்பினால் சொன்னார், அறியாமையால் சொன்னார். இக்கட்டுரையை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை தபால்காரர் வந்தால், அவரே எழுதுகோலை எடுத்துத் தரட்டும்.

வாசகர்களே, கடன் வராத வீடு அரிது. கடனைக் கேட்டு ஓர் உறை வருவதும் நேரக்கூடியதே. அன்றைக்குக் கையெழுத்திட்டு வாங்குங்கள், நாளைக் குறியுங்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடி எழுதிப் பதில் அனுப்புங்கள். வாங்கும் நாளில் மனம் திறந்து கேட்டோம். கொடுக்க இயலாத நாளிலும் வாய் திறந்து சொல்வதுதான் கொடுத்தவருக்கு நாம் செய்யும் முதல் தவணை.